பரணில் கிடைத்த அனலாக் சாட்டிலைட் ரிசீவர்: மறுபடி இதில் படம் வர வைக்க முடியுமா?

பரண்தேடி:

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் சித்தப்பா வீட்டுப் பரணை ஒழித்துக் கொடுக்கப் போனேன், அங்கே ஒரு மூட்டைக்குப் பின்னால் பழைய சாட்டிலைட் ரிசீவர் ஒன்று கிடந்தது. இப்போதைய செட்டாப் பாக்ஸ் மாதிரி கைக்கு அடக்கமான சாமான் இல்லை. விசிஆர் அளவு இருக்கிறது, இரும்புக் கூடு, தூக்கினால் கை இழுக்கிறது. டிஜிட்டல் வருவதற்கு முந்தைய, முழுக்க அனலாக் காலத்துப் பெட்டி.

முன்பக்கம் சிவப்பு எண் காட்டும் சின்ன டிஸ்ப்ளே, சிக்னலுக்கு ஒரு முள் மீட்டர், டிஷ்ஷைக் கிழக்கு மேற்காகத் திருப்ப இரண்டு பட்டன். பின்பக்கம் 950-1750 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சடித்த எஃப் சாக்கெட், அதன் பக்கத்தில் திருகு வைத்த டெர்மினல் வரிசை. அதில் எம்1, எம்2, சென்சர் என்று நாலு திருகு, பிறகு 5 வோல்ட், பல்ஸ், கிரவுண்ட் என்று மூன்று. வீடியோ, ஆடியோ சாக்கெட்டுகளோடு பேஸ்பேண்ட் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது எதற்கென்று தெரியவில்லை. சி பேண்ட், கேயூ பேண்ட் என்று மாற்ற ஒரு சின்ன ஸ்விட்சும் உண்டு.

சின்ன வயதில் சித்தப்பா டிஷ்ஷைத் திருப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மாடியில் மோட்டார் உறுமும், திரையில் புள்ளிகள் மொய்த்துக்கொண்டே இருக்கும், திடீரென்று அந்தப் புள்ளிகளுக்குள்ளிருந்து ஒரு முகம் எழுந்து வரும். அந்த ஒரு கணத்தை மறுபடி பார்க்க வேண்டும், அவருக்கும் காட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஈயம் வைக்கத் தெரியும், மல்டிமீட்டர் இருக்கிறது. ரேடியோ அலைவரிசை விஷயத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது. எங்கிருந்து ஆரம்பிப்பது? வானத்தில் இன்னும் அனலாக் சானல் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? டிஷ் வாங்க வேண்டுமா?

---

ஈயக்கம்பி:

முதலில் ஒரு கேள்வி, பிளக்கைச் செருகிப் பார்த்துவிட்டீர்களா? இன்னும் இல்லை என்றால் தயவுசெய்து செருகாதீர்கள். இருபது முப்பது வருடம் சும்மா கிடந்த பெட்டிக்கு நேராக மின்சாரம் கொடுத்து, நல்லபடியாக இருந்த ஐசியையும் சேர்த்துக் கொளுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் ஒன்றைக் கொளுத்தியிருக்கிறேன், இன்னும் வருத்தம் தீரவில்லை.

மூடியைக் கழற்றி முதலில் பார்க்க வேண்டியது மெமரி பேட்டரி. நீல உறை போட்ட 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்று போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியிருக்கும். சானல் நினைவு அழியாமல் இருக்க வைத்தது. நிச்சயம் கசிந்திருக்கும். சுற்றிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப் போயிருந்தால் அது செப்புத் தடங்களைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே வெட்டி எடுங்கள். பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவிக் காய விடுங்கள். தடம் அறுந்திருந்தால் மெல்லிய ஒயரால் பாலம் போடலாம். பேட்டரி இல்லாமலே பெட்டி வேலை செய்யும், சானல்கள்தான் ஞாபகம் இருக்காது.

அடுத்தது பவர் சப்ளை. கனமாக இருக்கிறது, டிஷ் மோட்டாருக்கான டெர்மினலும் இருக்கிறது என்கிறீர்கள், அப்படியானால் உள்ளே பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்க வாய்ப்பு அதிகம். அந்த மோட்டாருக்கே 36 வோல்ட் வேண்டும். இந்த வகை நமக்குச் சுலபம். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களைப் பாருங்கள், தலை உப்பியிருந்தாலும் அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தாலும் மாற்ற வேண்டும். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் ரெகுலேட்டரின் ஹீட்சிங்குக்குப் பக்கத்தில் இருப்பவை உள்ளே காய்ந்து போயிருக்கும். பவர் பகுதியில் இருக்கிற அத்தனையையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுவதுதான் என் வழக்கம். போர்டைத் திருப்பி ரெகுலேட்டர் கால்களில் டார்ச் அடித்துப் பாருங்கள், காலைச் சுற்றி மெல்லிய வளையமாக வெடிப்பு தெரிந்தால் அது டிரை சால்டர், புது ஈயம் வையுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஸ்விட்ச் மோட் சப்ளையாக இருந்தால் கை வைப்பதற்கு முன் இருமுறை யோசியுங்கள். 230 வோல்ட் ஏசி உள்ளே 325 வோல்ட் டிசியாகிப் பெரிய கெப்பாசிட்டரில் உட்கார்ந்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். மீட்டரை வைத்து அளந்து இறங்கிவிட்டது என்று உறுதியான பிறகுதான் தொட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் சீரிஸ் பல்பு போட்டு, அதாவது பெட்டிக்குப் போகிற ஒயரில் தொடராக ஒரு பல்பை வைத்து, மின்சாரம் கொடுங்கள். 60 வாட் இழை பல்பு போதும். ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல சேதி. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், அணைத்துவிட்டுத் தேடுங்கள்.

---

அலைவரிசை:

ஈயக்கம்பி சொன்னதை எல்லாம் முடித்துவிட்டு இதைப் படியுங்கள், அவசரம் இல்லை.

உங்கள் பெரிய கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டியை நம்பி டிஷ் வாங்காதீர்கள், உங்களுக்காக மேலே யாரும் அனலாக்கில் அனுப்பிக்கொண்டிருக்கவில்லை. ஜப்பானில் சாட்டிலைட் அனலாக் 2011 ஜூலை 24 அன்று நின்றது. 19.2 டிகிரி கிழக்கில் நிற்கிற ஆஸ்ட்ரா சாட்டிலைட்டுகளிலிருந்து வந்துகொண்டிருந்த ஜெர்மன் அனலாக் சானல்கள் 2012 ஏப்ரல் 30 அன்று நின்றன. அன்றோடு நம் மாதிரி ஆட்களுக்கு அந்தக் கதை முடிந்தது.

ஆனால் உங்கள் கையில் இருப்பது என்ன என்று பாருங்கள். டிஷ் பிடிக்கிற 4 கிகாஹெர்ட்ஸ் (சி பேண்ட்) அல்லது 11 கிகாஹெர்ட்ஸ் (கேயூ பேண்ட்) அலையை, டிஷ்ஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிற எல்என்பி என்ற கருவி கீழே இறக்கித்தான் கேபிளில் அனுப்பும். ரிசீவர் ஒருநாளும் 11 கிகாஹெர்ட்ஸைப் பார்த்ததே இல்லை. அதற்குத் தெரிந்தது பின்பக்கம் அச்சடித்திருக்கிற 950 முதல் 1750 வரைதான். அதாவது அது ஒரு நல்ல, அகலமான எஃப்எம் வீடியோ ரிசீவர். அந்த எல்லைக்குள் எஃப்எம் முறையில் ஏற்றிய ஒரு வீடியோ சிக்னலைக் கேபிள் வழியே நீங்கள் கொடுத்தால், அது சாட்டிலைட்டிலிருந்து வந்ததா மேசையிலிருந்து வந்ததா என்று அதற்கு வித்தியாசம் தெரியாது. அமெச்சூர் டிவி ஆர்வலர்கள் 23 சென்டிமீட்டர் பேண்டில், 1240 முதல் 1300 மெகாஹெர்ட்ஸ் வரை, இதே பெட்டிகளை வைத்துத்தான் பல வருடம் ஒருவர் படத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அதனால் 1.2 கிகாஹெர்ட்ஸ் அனலாக் வீடியோ சென்டர் (அனுப்பும் கருவி) ஒன்றைப் பிடியுங்கள், கேமராப் படத்தை ஒயர் இல்லாமல் அனுப்ப விற்ற சின்ன உலோக டப்பாக்கள். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேபிள் போட்டு ரிசீவருக்குக் கொண்டு வர வேண்டும். ஆன்டெனாவோடு காற்றில் விடக் கூடாது, இதை நான் அழுத்தியே சொல்கிறேன். அதற்கு உரிமம் வேண்டும் என்பது ஒரு பக்கம். அதே அலைவரிசைகளில் ஜிபிஎஸ்ஸின் இரண்டாவது சிக்னல் 1227.6-ல் இருக்கிறது, ரேடார்களும் இருக்கின்றன. நம் பொழுதுபோக்குக்காக அவற்றின் மேல் குப்பை கொட்டக் கூடாது.

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் வருகிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ரிசீவரின் எஃப் சாக்கெட் சிக்னலை வாங்குவதோடு எல்என்பிக்கு மின்சாரமும் அதே ஒயரில் கொடுக்கிறது, பெட்டியைப் பொறுத்து 13 முதல் 18 வோல்ட் வரை. சென்டரை நேராகச் செருகினால் அந்த வோல்டேஜ் சென்டரின் வாய்க்குள் போய் இறங்கும், ஒரே நொடியில் கதை முடிந்தது. நடுவில் டிசி பிளாக் வேண்டும். கடையில் அந்தப் பெயரிலேயே கேட்டு வாங்கலாம், இல்லையென்றால் ஒரு சின்ன டப்பாவுக்குள் நடுக் கம்பியை வெட்டி 100 பிகோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரைக் கால் நீளமே இல்லாமல் வைத்து நீங்களே செய்யலாம். 1280 மெகாஹெர்ட்ஸில் அதன் தடை ஒன்றேகால் ஓம்தான், சிக்னலுக்கு அது இருப்பதே தெரியாது, டிசிக்கு அது சுவர்.

அப்புறம் சிக்னல் அளவு. எல்என்பியிலிருந்து ரிசீவருக்கு வழக்கமாக வருவது மைனஸ் 30 முதல் மைனஸ் 65 டிபிஎம் வரை (ஒரு மில்லிவாட்டைப் பூஜ்யமாக வைத்து டெசிபலில் அளப்பது டிபிஎம்). 50 மில்லிவாட் சென்டர் என்றால் அது பிளஸ் 17 டிபிஎம். அப்படியே ஊற்றினால் ட்யூனர் மூச்சு முட்டிப் போகும். சிக்னலைக் குறைக்கிற 20 டெசிபல் அட்டெனுவேட்டர் மூன்றைத் தொடராகப் போட்டால் மைனஸ் 43-க்கு வந்துவிடும், சரியான இடம்.

டிசி பிளாக் எங்கே உட்கார வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் இதில் மாட்டியிருக்கிறேன். ரிசீவரின் வாயிலேயே முதலில் அது, அதற்குப் பிறகுதான் அட்டெனுவேட்டர்கள். வரிசையை மாற்றிப் போட்டேன். அட்டெனுவேட்டருக்குள் இருப்பது வெறும் ரெசிஸ்டர்கள், அதில் ஒன்று கிரவுண்டுக்குப் போகிறது, 75 ஓம் 20 டெசிபலில் அது சுமார் 92 ஓம். 18 வோல்ட் அதன் குறுக்கே நின்றால் மூன்றரை வாட் சூடு. கால் வாட் ரெசிஸ்டர் அது. கருகல் நாற்றம் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

---

டிஷ்பிரியன்:

அலைவரிசை சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் "டிஷ் வேண்டாம்" என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். சும்மா ஒரு டிஷ் கிடைத்தால் மாட்டிப் பாருங்கள். படம் வராது, சரி. மீட்டர் முள் பேசும்.

சாட்டிலைட்டில் இருக்கிற டிஜிட்டல் டிரான்ஸ்பாண்டர் (சானல்களை அனுப்புகிற பகுதி) ஒன்றின் மேல் இந்தப் பெட்டியை ட்யூன் செய்தால் அதற்கு அந்த மொழி புரியாது, ஆனாலும் அங்கே சக்தி இருப்பது புரியும். முள் ஏறும், திரையில் மொய்க்கிற புள்ளிகளின் தன்மை மாறும். வெறும் வானத்துக்குப் புள்ளி ஒரு மாதிரி, சிக்னல் மேல் வேறு மாதிரி. பத்து நிமிடம் பார்த்தால் கண் பழகிவிடும். இன்றைய செட்டாப் பாக்ஸில் டிஷ்ஷை அரை டிகிரி தள்ளிவிட்டு, அது பூட்டிக்கொள்ளுமா என்று காத்துக்கொண்டிருக்க வேண்டும். இதில் கை அசையும்போதே முள்ளும் அசைகிறது. நான் இன்றும் புது டிஷ் நிறுத்தும்போது ஒரு பழைய அனலாக் பெட்டியைத்தான் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

ஒன்றிரண்டு கணக்கு மட்டும். இப்போதைய யுனிவர்சல் எல்என்பியின் உள் ஆசிலேட்டர் 9.75 கிகாஹெர்ட்ஸ், வருகிற அலையிலிருந்து அதைக் கழித்த மிச்சம்தான் கேபிளில் இறங்கும். உங்கள் பெட்டி 10.0 கிகாஹெர்ட்ஸ் எல்என்பிக்காகச் செய்ததாக இருந்தால் டிஸ்ப்ளே காட்டுகிற எண்ணில் 250 மெகாஹெர்ட்ஸ் கழித்துக்கொள்ள வேண்டும். 22 கிலோஹெர்ட்ஸ் டோன் அந்தக் காலப் பெட்டியில் வராது, அதனால் மேல் பேண்டுக்கு எல்என்பி மாறாது. 1750 வரைதான் ட்யூனர் போகும் என்பதால் 11.50 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் பார்க்க முடியாது. செங்குத்து அலையா கிடை அலையா என்று எல்என்பிக்குச் சொல்கிற 13, 18 வோல்ட் மாற்றமும் அதில் இருக்குமா என்பது சந்தேகம், ஏனென்றால் உங்களுடையதில் பல்ஸ் என்று திருகு இருக்கிறது. அது போலரோட்டருக்கு. எல்என்பியின் வாயில் ஒரு சின்ன செர்வோ மோட்டார் உட்கார்ந்து, உள்ளே இருக்கிற மெல்லிய ஊசியை 90 டிகிரி திருப்பும், அப்படித்தான் அப்போது செங்குத்து அலையையும் கிடை அலையையும் பிரித்தார்கள். மூன்று ஒயர், 5 வோல்ட், கிரவுண்ட், எவ்வளவு திரும்ப வேண்டும் என்று சொல்கிற பல்ஸ். பொம்மை விமானத்து செர்வோவும் இதே முறைதான், ஒன்றை அந்த மூன்று திருகில் மாட்டிப் பாருங்கள், பட்டனை அழுத்தினால் திரும்பும். டிஷ் வருவதற்கு முன்பே பெட்டியின் பாதி உயிரோடு இருப்பது தெரிந்துவிடும்.

---

பரண்தேடி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆயிற்று, மெதுவாகத்தான் செய்தேன்.

ஈயக்கம்பி அண்ணா, நீங்கள் சொன்ன அதே நீல பேட்டரி, அதே பச்சைப் பூ. நல்ல வேளை இரண்டு தடம்தான் போயிருந்தது, பாலம் போட்டுவிட்டேன். உள்ளே பெரிய டிரான்ஸ்ஃபார்மர்தான். பதினான்கு கெப்பாசிட்டர் மாற்றினேன், ஹீட்சிங்கை ஒட்டியிருந்த ஒன்றைக் கழற்றினால் கால் கையோடு வந்துவிட்டது. சீரிஸ் பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது, டிஸ்ப்ளேயில் சிவப்பு எண்கள் வந்தன. தனியாக உட்கார்ந்து கை தட்டினேன்.

செர்வோவும் திரும்புகிறது. டிஷ்பிரியன் சொன்னது போல அதைப் பார்த்ததும்தான் நம்பிக்கை வந்தது.

இப்போது சிக்கல். 1280 மெகாஹெர்ட்ஸ் சென்டர் கிடைத்தது, 50 மில்லிவாட். ரிசீவர், டிசி பிளாக், மூன்று அட்டெனுவேட்டர், சென்டர், இதே வரிசை. சென்டருக்கு ஒரு பழைய கேமராவிலிருந்து வீடியோ. ட்யூன் பட்டனை அழுத்திக்கொண்டே போனேன். 3870 என்று காட்டும் இடத்தில் முள் எகிறுகிறது, புள்ளிகள் சுத்தமாக மறைகின்றன. ஆனால் படம் நிற்கவில்லை. சாய்ந்து சாய்ந்து கிழிந்து ஓடுகிறது. சில சமயம் ஒரு நொடி நிற்கும்போது பார்த்தால் வெள்ளைச் சுவர் கறுப்பாக இருக்கிறது, போட்டோ நெகட்டிவ் மாதிரி. சென்டர் கெட்டுப் போயிருக்குமா? அதோடு 1280-க்குக் கொடுத்தது ஏன் 3870-ல் வருகிறது?

---

அலைவரிசை:

சென்டரும் நன்றாக இருக்கிறது, ரிசீவரும் நன்றாக இருக்கிறது. பின்னால் இருக்கிற சின்ன ஸ்விட்ச் சி பேண்டில் நிற்கிறது, அவ்வளவுதான். உங்கள் இரண்டு கேள்விக்கும் அதுதான் பதில்.

சி பேண்ட் எல்என்பியின் ஆசிலேட்டர் 5150 மெகாஹெர்ட்ஸ். சிக்னல் 3700 முதல் 4200 வரை, அதாவது ஆசிலேட்டருக்குக் கீழே. எனவே கேபிளில் வருவது 5150-லிருந்து சிக்னலைக் கழித்த மிச்சம். பெட்டி 1280-ஐப் பார்த்ததும் 5150-லிருந்து 1280-ஐக் கழித்து 3870 என்று காட்டுகிறது. இப்படிக் கழிக்கும்போது இன்னொன்றும் நடக்கிறது, அலைவரிசை தலைகீழாகிவிடும். மேலே ஏற வேண்டியது கீழே இறங்கும். எஃப்எம்மில் அலைவரிசையின் ஏற்ற இறக்கம்தான் படத்தின் வெளிச்சம் என்பதால் வெள்ளை கறுப்பாகிவிடும். அதைச் சரிக்கட்ட, சி பேண்டில் ரிசீவர் வீடியோவை வேண்டுமென்றே மறுபடி கவிழ்க்கிறது. உங்கள் மேசையில் எல்என்பியே இல்லை, கவிழ்ந்து வராத சிக்னலைப் பெட்டி கடமையாகக் கவிழ்த்துவிட்டது. சிங்க் பல்ஸும் சேர்ந்து கவிழ்ந்துவிடுவதால் டிவிக்கு வரி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை, அதனால்தான் கிழிகிறது.

கேயூவுக்கு மாற்றுங்கள். அங்கே ஆசிலேட்டர் சிக்னலுக்குக் கீழே இருக்கும், கவிழ்ப்பு கிடையாது. உங்கள் பெட்டி 10.0 கணக்கில் ஓடினால் 11.280-லும், 9.75 கணக்கில் ஓடினால் 11.030-லும் படம் நிற்க வேண்டும்.

நின்ற பிறகு படம் வெளிறித் தெரியும், இப்போதே சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். சாட்டிலைட்டில் வீடியோவுக்கு அலைவரிசையை நன்றாக அகட்டி ஆட்டுவார்கள், ஆஸ்ட்ராவில் ஒரு வோல்ட்டுக்கு 16 மெகாஹெர்ட்ஸ். இந்தச் சின்ன சென்டர்கள் அதில் ஒரு பங்குதான் ஆட்டும். ஆட்டம் குறைந்தால் ரிசீவர் வெளியே தரும் வீடியோவின் அளவும் குறையும். உள்ளே வீடியோ லெவல் என்று ஒரு பிரீசெட் இருக்கும், சின்ன பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஏற்றுங்கள். பழைய நிலையைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். 27, 18 மெகாஹெர்ட்ஸ் என்று பேண்ட்விட்த் (அகலம்) மாற்ற வசதி இருந்தால் குறுகியதைப் போடுங்கள், இந்தச் சிக்னலுக்கு அது தாராளமாகப் போதும்.

நிறம் மங்கி, ஓரங்கள் மொழுக்கென்று தெரிந்தால் அது வேறு விஷயம். ரிசீவர் எப்போதும் வீடியோவின் உயர் அலைவரிசைகளைத் தட்டிக் குறைக்கும், அனுப்பும்போது தூக்கி அனுப்பியிருப்பார்கள் என்ற நம்பிக்கையில். உங்கள் சென்டர் தூக்கி அனுப்பாத வகையாக இருந்தால் அந்தத் தட்டல் வீண். அப்போது பேஸ்பேண்ட் சாக்கெட்டிலிருந்து வீடியோவை எடுங்கள், அது தட்டுவதற்கு முந்தைய இடம். உங்கள் முதல் பதிவில் எதற்கென்று தெரியவில்லை என்றீர்களே, அன்று அது வெளி டீகோடர்களுக்காக வைத்தது.

ஆடியோவை 6.50 மெகாஹெர்ட்ஸில் தேடுங்கள். இல்லையென்றால் 6.00. சென்டர்களில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

---

கணினிக்குருவி:

சென்டர் கிடைக்காதவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக. ஹேக்ஆர்எஃப் (கணினியில் மாட்டி ரேடியோ சிக்னல் உண்டாக்குகிற கருவி) இருந்தால் ஹேக்டிவி என்ற இலவச மென்பொருள் நேராக எஃப்எம் முறையில் பால் (PAL) வகை டிவி சிக்னல் உண்டாக்கித் தரும், சாட்டிலைட்டில் வந்தது போலவே 6.50 ஆடியோவோடு. ஹேக்ஆர்எஃப் ஒரு நொடிக்கு 2 கோடி சாம்பிள்வரைதான் போகும், அதனால் 27 மெகாஹெர்ட்ஸ் முழு அகலம் வராது, ஆனாலும் படம் அந்த மலிவு சென்டர்களைவிட நன்றாக இருக்கிறது. கணினியில் இருக்கிற எந்த வீடியோக் கோப்பையும் ஓட்டலாம். நான் பழைய டெஸ்ட் கார்டு ஒன்றை ஓட்டி ரிசீவரின் லெவலையெல்லாம் சரிசெய்தேன். டிசி பிளாக் இதற்கும் கட்டாயம், இந்தக் கருவி சென்டரைவிடப் பல மடங்கு விலை.

---

டிஷ்பிரியன்:

பரண்தேடி, படம் நின்றதும் ஒரு சோதனை செய்து பாருங்கள், நீங்கள் முதல் பதிவில் கேட்டது அதில்தான் இருக்கிறது. அட்டெனுவேட்டரைக் கூட்டிக்கொண்டே போங்கள். முதல் இருபது டெசிபலுக்குப் படத்தில் ஒரு மாற்றமும் தெரியாது, எஃப்எம்மின் குணம் அது. இன்னும் குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வால் முளைத்த புள்ளிகள் பறக்கும், அடர்ந்த நிறங்களின் மேல் வெள்ளையாக, வெளிச்சத்தின் மேல் கறுப்பாக. சிக்னல் இரைச்சலைவிட சுமார் 8 டெசிபல் மட்டும் மேலே இருக்கிற இடம் அது. அதற்குக் கீழே ஒன்றிரண்டு டெசிபலிலேயே புள்ளிகள் படத்தை விழுங்கிவிடும். சாதா டிவி ஆன்டெனாவில் வருகிற இரைச்சல் மழை மாதிரி சீராக இருக்கும், இது அப்படி இருக்காது, வால் புள்ளியைப் பார்த்தாலே சாட்டிலைட் என்று சொல்லிவிடலாம்.

சென்டரை நல்ல உலோகப் பெட்டிக்குள் போட்டு மூடினால்தான் இந்தச் சோதனை சரியாக வரும், இல்லையென்றால் கேபிளுக்கு வெளியே கசிகிற சிக்னலே போதும் என்று பெட்டி படம் காட்டிக்கொண்டிருக்கும்.

இதை எழுதும்போது ஒன்று ஞாபகம் வருகிறது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை ஏடிஎஸ்-6 என்ற சாட்டிலைட் இந்தியக் கிராமங்களுக்காக 860 மெகாஹெர்ட்ஸில் எஃப்எம் படம் அனுப்பியது. 9.1 மீட்டர் அகலத்துக்கு ஆன்டெனா விரித்த சாட்டிலைட் அது, கற்றை முழுக்க இந்தியாவை நோக்கித்தான். இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் இருந்த ஸ்டீவ் பர்க்கில் அந்தக் கற்றையின் ஓரத்துக்கும் வெளியே சிந்திய சிக்னலை, தானே செய்த கருவியால் பிடித்துப் படம் பார்த்தார். வாங்குவதற்குப் பெட்டி என்று ஒன்று இல்லாத காலம். அவர் பார்த்த படத்தில் எவ்வளவு வால் புள்ளி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படி ஒரு படத்துக்காக இரவெல்லாம் உட்கார்ந்திருந்த ஆட்களிடமிருந்து வந்ததுதான் நம் பொழுதுபோக்கு.

---

பரண்தேடி:

வந்துவிட்டது! ஸ்விட்சைக் கேயூவுக்குத் தள்ளினேன், 11.280, படம் சொக்கத் தங்கமாக நின்றது. வெளிறித்தான் இருந்தது, பிரீசெட்டைக் கால் சுற்று திருப்பியதும் சரியாயிற்று. ஆடியோ 6.50-லேயே இருந்தது. பேஸ்பேண்டையும் முயன்று பார்த்தேன், ஓரங்கள் கண்ணைக் குத்துகிற மாதிரி தெரிந்தன, என் சென்டர் தூக்கி அனுப்புகிற வகை போலிருக்கிறது, மறுபடி வீடியோ சாக்கெட்டுக்கே வந்துவிட்டேன்.

நேற்று சித்தப்பாவைக் கூப்பிட்டேன். சென்டரைத் தகர டப்பாவில் அடைத்து, படிப்படியாக மாற்றுகிற அட்டெனுவேட்டர் ஒன்றையும் நடுவில் போட்டிருந்தேன். முதலில் சுத்தமான படத்தைக் காட்டினேன், "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் சிக்னலை ஒவ்வொரு படியாகக் குறைத்தேன். முதல் வால் புள்ளி பறந்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். புள்ளிகள் நெருங்க நெருங்க முன்னால் நகர்ந்து வந்தார். படம் அமுங்கப் போகிற நேரத்தில் என்னைக் கேட்காமலே அவருடைய விரல் முன்பக்கத்துக் கிழக்கு பட்டனில் போய் நின்றது. "ஒரு தட்டு தள்ளினா வந்துரும்டா" என்றார். பட்டனை அழுத்தினார், நான் அதே நேரம் அட்டெனுவேட்டரை ஒரு படி குறைத்தேன், முகம் எழுந்து வந்தது. நான் செய்ததை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அடுத்த வேலையும் அவரே கொடுத்துவிட்டார். பழைய டிஷ்ஷைத் திருப்புகிற மோட்டார், அதாவது ஆக்சுவேட்டர், அவர் வீட்டுக் கொல்லையில் கிடக்கிறதாம். எம்1, எம்2-ல் பட்டனை அழுத்தும்போது 36 வோல்ட் வருகிறது, அளந்துவிட்டேன். வருடக் கணக்காக மழையில் கிடந்த மோட்டாரைக் கழுவி மாட்டலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

---

ஈயக்கம்பி:

படித்துவிட்டு நானே எழுந்து ஒரு முறை நடந்துவிட்டு வந்தேன். நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் தம்பி.

ஆக்சுவேட்டரை ரிசீவரில் மாட்டாதீர்கள், இப்போதைக்கு. மோட்டார் மூடியைக் கழற்றுங்கள், தண்ணீர் இறங்கியிருந்தால் முதலில் துருப்பிடிப்பது அங்கேதான். கியரைக் கையால் சுற்றிப் பாருங்கள், சுற்ற மறுத்தால் பழைய கிரீஸ் கல்லாகியிருக்கும், மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவிப் புது கிரீஸ் வையுங்கள். பிறகு 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், மெதுவாக ஓடினாலும் போதும். இரண்டு முனையிலும் லிமிட் ஸ்விட்ச் நிறுத்துகிறதா என்பது முக்கியம், நிறுத்தாவிட்டால் 36 வோல்ட்டில் குழாயே வளைந்துவிடும்.

சென்சர் என்ற இரண்டு திருகும் உள்ளே இருக்கிற ரீட் ஸ்விட்சுக்குப் போகிறது. கியரோடு ஒரு காந்தம் சுற்றும், ஒவ்வொரு சுற்றுக்கும் அது மூடித் திறக்கும், அதை எண்ணித்தான் டிஷ் எங்கே நிற்கிறது என்று பெட்டி தெரிந்துகொள்கிறது. மீட்டரை ஓம் அளவில் வைத்துக் கையால் சுற்றுங்கள், சுற்றுக்குச் சுற்று முள் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் அந்தக் கண்ணாடிக் குழல் விரிசல் விட்டிருக்கும், மாற்றிவிடலாம். திரும்ப மாட்டும்போது மோட்டார் மூடியின் வடிகால் ஓட்டை கீழே பார்க்கிற மாதிரி வையுங்கள். கொல்லையில் கிடந்ததில் அந்த ஓட்டை எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்துச் சொல்லுங்கள், உள்ளே எவ்வளவு போயிருக்கும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.